அவங்க சிகரெட் பிடிப்பாங்களா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி அதிகம்னு சொன்னா நீங்க நம்பிடுவீங்க, ஆனா காரணம் அது இல்லை. பெரியம்மாவுக்கு நுரையீரல்ல புற்றுநோய். வயசு 61. முதல்ல டிபின்னு சொல்லி நாலு மாசம் மாத்திரை கொடுத்தாங்க. இருமல் நிக்கலை. அப்புறம் வேற ஒரு டாக்டர் ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு அடினோகார்சினோமான்னு சொன்னார்.

பார்க்க வந்த சொந்தக்காரங்கள்ல ஆரம்பிச்சு ஆபீஸ்ல விசாரிச்சவங்க, மருந்துக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒண்ணுதான். "அவங்க சிகரெட் பிடிப்பாங்களா?" இல்லைன்னா, "அப்ப பெரியப்பா?" அவரும் இல்லைங்க, வெத்தலை பாக்கே கல்யாண வீட்டுலதான் போடுவார். அதுக்கப்புறம் ஒரு சின்ன அமைதி வரும் பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. நாம எதையோ மறைக்கிறோம்ங்கிற மாதிரி ஒரு பார்வை.

சரி, மேட்டருக்கு வர்றேன். பெரியம்மா வீடு வடசென்னையில, ராத்திரி பகலா லாரி ஓடுற மெயின் ரோட்டு மேல. முப்பது வருஷமா அங்கதான் இருக்காங்க. காலையில துடைச்ச ஜன்னல் கம்பி சாயங்காலம் கறுப்பா இருக்கும். அதனாலதான் அவங்களுக்கு வந்துச்சுன்னு நான் சொல்ல வரலை. ஒரு தனி ஆளைக் காட்டி, இந்தப் புகையாலதான் இவங்களுக்கு வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் நிரூபிக்க முடியாது. என் கோபமே அந்த "நிரூபிக்க முடியாது"ங்கிறதைப் பத்தித்தான்.

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருக்கு. அவங்க 2012 ஜூன்ல டீசல் புகையையும், 2013 அக்டோபர்ல வெளிக்காற்று மாசையும் 'குரூப் 1' பட்டியல்ல சேர்த்தாங்க. உடனே சில பேர் ஃபார்வர்ட் மெயில் ரேஞ்சுல, காத்தும் சிகரெட்டும் ஒண்ணுன்னு எழுதித் தள்ளினாங்க. அது தப்பு. அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதின்னு சொல்லுதே தவிர, ஆபத்து எவ்வளவு பெருசுன்னு சொல்லலை. சீன முறையில உப்புப் போட்ட மீன் கூட அதே குரூப் 1லதான் இருக்கு :-)

சிகரெட் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்கு ஏத்தும். காத்துல இருக்கிற பிஎம் 2.5 நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினா அபாயம் 9% மாதிரி கூடுதுன்னு 2014ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னாங்க. பார்த்தா சின்ன நம்பர். ஆனா சிகரெட்டைப் பிடிக்காம இருக்கலாம், மூச்சை எப்படி விடாம இருக்கிறது? ஊர்ல பொறந்த குழந்தையில இருந்து எல்லாரும் இழுக்கிற காத்துல 9%னா அது சின்ன நம்பர் இல்லை. 2010ல உலகம் பூரா 2,23,000 பேர் காற்று மாசு தொடர்பான நுரையீரல் புற்றுநோயால செத்தாங்கன்னு அதே அமைப்பு கணக்குச் சொல்லுது.

டீசல் கதையையும் சொல்லிடறேன். அமெரிக்காவுல 8 சுரங்கங்கள், 12,315 தொழிலாளர்கள். டீசல் வண்டிப் புகையை ரொம்ப அதிகமா இழுத்தவங்களுக்கு, கம்மியா இழுத்தவங்களை விட நுரையீரல் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட மூணு மடங்கு. இந்த ஆய்வு 2012ல வெளிவர்றதுக்கு முன்னாடி சுரங்கக் கம்பெனிகள் வருஷக்கணக்கா கோர்ட்டு படியேறினாங்க. ஒண்ணும் இல்லாத விஷயத்துக்கு யாருங்க வக்கீல் ஃபீஸ் அழுவாங்க?

இப்ப நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி ஒரு விஷயம். லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வகத்துல சார்லஸ் ஸ்வான்டன் குழு 2023 ஏப்ரல்ல 'நேச்சர்' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. புற்றுநோய் வராத நுரையீரல் திசுவை எடுத்துப் பார்த்தா, 18% மாதிரிகள்ல இ.ஜி.எஃப்.ஆர். மரபணுப் பிழை ஏற்கனவே இருக்கு. வயசாக ஆக தானா வர்ற பிழை, பெரும்பாலும் சும்மா தூங்கிட்டிருக்கும். நுண்துகள் உள்ள போனதும் நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின் 1 பீட்டான்னு ஒரு அழற்சிப் பொருளை வெளியே விடுது. அது தூங்கிட்டிருக்கிற செல்லைத் தட்டி எழுப்புது. எலிகள்ல இந்தப் பொருளைத் தடுத்தப்போ கட்டி வர்றது குறைஞ்சுது.

அதாவது பக் ஏற்கனவே கோட்ல இருக்கு, புகை அதை ட்ரிக்கர் பண்ணுது. புகை புதுசா பிழையை உண்டாக்கணும்னு அவசியமே இல்லை. பெரியம்மாவுக்கு இருக்கிறதும் இதே இ.ஜி.எஃப்.ஆர். வகைதான். சிகரெட் பிடிக்காத ஆசியப் பெண்கள்கிட்ட இது அதிகம்.

இவ்வளவுக்கு அப்புறமும் நம்ம பார்லிமென்ட்ல யாராவது கேட்டா வர்ற பதிலைப் பார்த்திருப்பீங்க. காற்று மாசால மட்டுமே சாவு வந்ததுன்னு நேரடியாக் காட்டற உறுதியான தரவு இல்லையாம். 2019லயும் அதேதான், அதுக்கப்புறமும் அதேதான். அந்த "மட்டுமே"ல இருக்கு சூட்சுமம். டெஸ்டிங் டீம் கிரிட்டிக்கல்னு போட்ட பக்கை, "என் மெஷின்ல வரலையே"ன்னு மூடிட்டு டீ குடிக்கப் போற ஆளை நம்ம எல்லாருக்கும் தெரியும். நானே பண்ணியிருக்கேன். ஆனா நான் மூடினது ஒரு ரிப்போர்ட் ஸ்கிரீன்.

காரணம் "மட்டுமே"ன்னு நிரூபிக்காமலேயே வேலை செய்யலாம்ங்கிறதுக்கு சீனாவுல ஒரு ஊர் இருக்கு. யுன்னான் மாகாணத்துல சுவான்வெய். அங்க பெண்கள் புகைக்கிறது அபூர்வம், ஆனா நுரையீரல் புற்றுநோய்ச் சாவு உலகத்துலயே அதிகமா இருந்த இடங்கள்ல ஒண்ணு. காரணம், புகை கக்கற நிலக்கரியை வீட்டு நடுவுல குழி அடுப்புல போட்டு எரிச்சாங்க, புகைபோக்கி கிடையாது. எழுபதுகள்ல இருந்து புகைபோக்கி வச்ச அடுப்பு வந்துச்சு. 2002ல 21,232 விவசாயிகளோட கணக்கைப் பார்த்தா, அடுப்பு மாத்தினவங்கள்ல புற்றுநோய் ஆண்களுக்கு 41%, பெண்களுக்கு 46% குறைவு. பலன் தெளிவாத் தெரிய பத்து வருஷம் ஆச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல் வர்ற ஊர்ல இதுதான் சிக்கல்.

நம்ம நாட்டுல பிஎம் 2.5க்கு 2009ல வச்ச வருஷ அளவு 40. உலக சுகாதார நிறுவனம் 2021ல 5ன்னு சொல்லிடுச்சு. அஞ்சுக்கு நாளைக்கே போக முடியாதுதான், எனக்கும் தெரியும். ஆனா லாரி போற ரோட்டோரத்துல எவ்வளவு இருக்குன்னு அளந்து போர்டு வைக்கறதுக்கு என்ன கேடு?

போன ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா வந்து பெரியம்மா காதுபடவே அதே கேள்வியைக் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பெரியம்மாவே சொல்லிட்டாங்க. "நான் எங்கடி பிடிச்சேன், வாசல்ல போற லாரி பிடிச்சுது."

பி.கு: டிபி மாத்திரை சாப்பிட்டும் இருமல் குறையலைன்னா, சளிப் பரிசோதனையில கிருமி தெரிஞ்சுதான் மாத்திரை ஆரம்பிச்சாங்களான்னு டாக்டர்கிட்ட தைரியமாக் கேளுங்க. நாங்க கேட்காம விட்டது நாலு மாசம்.