எட்டுக் கால் எறும்பு

"கிட் லென்ஸா? அத வச்சு ஒண்ணும் ஆகாது தம்பி."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, திருநெல்வேலியில் புகைப்படக்காரர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூத்தவர் ஒருவர் என் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார். நான் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். "எறும்பக் கிட்டப் போய் எடுத்தா ஏன்ணே மங்கலா வருது?" அதற்குப் பதில் இருந்தது. நான்கு பதில்கள் இருந்தன. அவர் அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. ஒரு மேக்ரோ லென்ஸின் பெயரைச் சொன்னார். அதன் விலை அன்றைக்கு என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். வீட்டுக்கு வந்து கேமராவைப் பையோடு பீரோ மேல் வைத்தேன். இரண்டு வருடம் அது கீழே இறங்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிராக எழுதப்படுவது. அவருக்கு எதிராக அல்ல. அவர் நல்ல மனிதர். அவரிடமும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கேட்பவர்கள் மாறிவிட்டார்கள், பதில் மாறவில்லை. மாதத்துக்கு ஒருவராவது எனக்கு ஒரு மங்கலான தட்டான் படத்தை அனுப்பி, "அண்ணா, எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்கிறார்கள். ஏன் மங்கலாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பதில் கேள்விக்குள்ளேயே போய்க் குடியேறிவிட்டது. வாங்குவதுதான் வழி என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். கொஞ்ச காலம் முன்பு, விலை குறைந்த ஃபோன்களில்கூட 2 மெகாபிக்சலில் ஒரு 'மேக்ரோ கேமரா'வை ஒட்டி, பின்பக்கத்துக் கண்களின் எண்ணிக்கையைக் கூட்டி விற்றார்கள். அதில் எடுத்த எறும்பு எள்ளுருண்டை மாதிரி இருந்தது.

எனக்குக் கிடைக்காமல் போன அந்த நான்கு பதில்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நடுக்கம். கிட்டப் போகப் போக எறும்பு மட்டும் பெரிதாவதில்லை. நம் கையின் நடுக்கமும் கூடவே பெரிதாகிறது. இரண்டு, ஆழம். எறும்பு தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும் நெருக்கத்தில், எஃப் 11 வைத்தாலும் கூர்மையாக இருக்கும் பகுதி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண் கிடைத்தால் கால் கிடைக்காது. மூன்று, அதைச் சரிக்கட்ட எஃப் 22 வரை துளையை மூடினால், ஒளி அந்தச் சின்னத் துளையின் விளிம்பில் வளைந்து பரவிப் படம் முழுவதையும் மழுக்கிவிடும். நான்கு, வெளிச்சம். துளையை மூடியாயிற்று, லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழுகிறது, பிறகு எங்கிருந்து வரும் வெளிச்சம்?

இந்த நான்கும் அரை லட்ச ரூபாய் லென்ஸிலும் அப்படியேதான் இருக்கும். இயற்பியல் நம் பில்லைப் பார்த்து நடந்துகொள்வதில்லை.

கேமரா பீரோவிலிருந்து இறங்கியது பாளையங்கோட்டையில் ஒரு கேமரா ரிப்பேர்க்காரரால். அதை விற்றுவிடலாம் என்றுதான் எடுத்துப் போனேன். அவர் லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் முன்னால் வரும்படி திருப்பி, கையாலேயே கேமராவோடு அணைத்துப் பிடித்து என் சட்டைக் கையின் மேல் குனியவைத்தார். உள்ளே பார்த்தேன். துணி தெரியவில்லை. நூல்கள் தெரிந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும் கயிறுகள் மாதிரி. "பெரிசச் சின்னதாக்குறதுதான லென்ஸோட வேல? திருப்பிப் போட்டா சின்னதப் பெரிசாக்கும். அவ்ளோதான் விஷயம்" என்றார். விற்க மனம் வரவில்லை.

லென்ஸைத் தலைகீழாக மாட்டுவதற்கு ஒரு உலோக வளையம் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய். 18-55 கிட் லென்ஸை அதில் மாட்டினால் கணக்கெல்லாம் தலைகீழ். 55-இல் உருப்பெருக்கம் குறைவு, 18-இல் அதிகம். ஆட்டோஃபோகஸ் கிடையாது. துளையையும் கேமரா கட்டுப்படுத்தாது. நிக்கான் என்றால் லென்ஸின் பின்பக்கம் ஒரு குட்டி நெம்பு இருக்கும், மடித்த காகிதத்தை அதில் செருகித் துளையை வேண்டிய அளவில் நிறுத்தலாம். கேனன் என்றால், துளையை அமைத்துவிட்டு, ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கும் பொத்தானை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றினால் அது அங்கேயே நின்றுவிடும். பூச்சி நாலைந்து சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால்தான் தெளியும். வளையத்தைத் திருகி ஃபோகஸ் செய்ய முடியாது, உடம்பை முன்னும் பின்னும் மிக மெதுவாக நகர்த்த வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே முன்னால் சாய்ந்து நாலைந்து படம் எடுப்பேன். பத்தில் ஒன்பது தேறாது.

வெளிச்சத்துக்கு, சிப்ஸ் வந்த அட்டைக் குழாயின் உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, ஒரு வாயைக் கேமராவின் சொந்த ஃபிளாஷ் மேல் பொருத்தி, மறுவாயைப் பட்டர் பேப்பரால் மூடி, லென்ஸ் முனைக்கு மேலே நீட்டிவிட்டேன். நிழலில், 1/200 நொடியும் எஃப் 11-உம் வைத்தால் ஃபிளாஷ் இல்லாமல் படம் கிட்டத்தட்ட கறுப்பாகவே இருக்கும். அதாவது படத்தை எழுதுவது ஃபிளாஷ் மட்டும்தான். அது மின்னும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு, அதற்குள் நடுங்க என் கைக்கு அவகாசமில்லை. மூத்தவர் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

சிறியதைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களின் வரலாறும் கடைக்காரர்களின் வரலாறு அல்ல. லேவன்ஹூக் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரி. மணி அளவே உள்ள ஒற்றை லென்ஸைத் தானே செய்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்து, 1670களில் ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் உயிர்கள் ஓடுவதைப் பார்த்தார். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் விவசாயி மகன் வில்சன் பென்ட்லி, 1885 ஜனவரியில், இருபது வயது நிறையும் முன்பே, கேமராவையும் நுண்ணோக்கியையும் இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். தன் மூச்சுப் பட்டாலே கரைந்துவிடும் பொருளை மூச்சடக்கி எடுத்தவர், வாழ்நாளில் 5,000 படங்களுக்கு மேல் எடுத்தார். அதே 1865-இல் பிறந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட் பெர்லினில் கலைப் பள்ளி ஆசிரியர். வீட்டில் செய்த கேமராவால் மொட்டுகளையும் விதையுறைகளையும் சுருண்ட பெரணித் தளிர்களையும் பல ஆண்டுகள் மாணவர்களுக்காக எடுத்தார். அவை புத்தகமானது 1928-இல், அவருடைய அறுபது வயதுக்குப் பிறகு. மூவரும் ஆளுக்கொரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஆயுளைக் கொடுத்தவர்கள். கருவி அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால்தான் வந்தது.

"ஏழ்மையப் புனிதமாக்காதீங்க" என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான குற்றச்சாட்டு. லென்ஸைத் திருப்பி மாட்டி என் சென்சாரில் தூசி ஏறியிருக்கிறது, லென்ஸின் பின்கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. நல்ல மேக்ரோ லென்ஸ் தள்ளி நின்று எடுக்கவிடும். குளவிக் கூட்டின் முன் நாலு சென்டிமீட்டரில் மூஞ்சியை வைப்பவனுக்கு அந்தத் தூரத்தின் அருமை தெரியும், எனக்கு நன்றாகவே தெரியும். தொழிலாகச் செய்பவர்கள் வாங்கத்தான் வேண்டும். நான் சண்டை போடுவது லென்ஸோடு அல்ல, வரிசையோடு. கற்றுக்கொண்டவனுக்குத் தன்னிடம் என்ன இல்லை என்று தெரியும், அவன் வாங்குவது கருவி. கற்காமல் வாங்குபவன் தவணையோடு அதே மங்கலையும் சேர்த்து வாங்குகிறான்.

வரிசை மாறினால் இழப்பது என்ன என்பதற்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் இருக்கிறது. அதில் முசுறுகள் கூடு கட்டியிருந்தன. தங்கள் புழுக்களைத் தறிநாடா மாதிரி வாயில் பிடித்து, அவை விடும் பட்டு இழையால் இலைகளைத் தைக்கும் எறும்புகள். அந்தத் தையலைக் கூர்மையாக எடுக்க வேண்டும் என்று இரண்டு மாதம் காலையிலேயே போய் நின்றேன். "ஏல, மூஞ்சிய எறும்புக்குள்ள வச்சுக்கிட்டு என்னல பண்ணுத? ஒனக்கு வேற சோலியே இல்லியா?" என்பாள் அம்மா. கழுத்திலும் காதிலும் கடி வாங்கினேன். அங்கேயே நின்றதால் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு எறும்பு மட்டும் மற்றவற்றோடு சேராமல், எதிரே வருபவற்றுக்கு வழிவிட்டு விலகி விலகி நடந்தது. படமெடுத்தேன், மங்கல். மறுநாளும் மங்கல். ஐந்தாம் நாள் ஒரு படம் தேறியது. திரையில் பெரிதாக்கிக் கால்களை எண்ணினேன். எட்டு.

அது எறும்பே இல்லை. எறும்பு வேடமிட்ட தாவும் சிலந்தி. முன்கால்கள் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்து, ஆறுகால் பிராணியாக நடித்து, முசுறுவுக்குப் பயந்து விலகும் எதிரிகளிடமிருந்து தப்பிக்கிறது. ஆனால் முசுறுவிடம் சிக்கினாலும் ஆபத்துதான், அதனால்தான் அந்த விலகல் நடை. அதன் ஆணுக்குத் தாடை நீண்டிருக்கும், எறும்பு ஒன்று இன்னொரு குட்டி எறும்பைத் தூக்கிப் போவதுபோலத் தெரியும். நான் பிறந்து வளர்ந்த வீட்டின் மரத்தில், கைக்கெட்டும் கிளையில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஒருநாள் புது லென்ஸோடு வந்து, ஒரு நல்ல எறும்புப் படத்தோடு மதியமே திரும்பியிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. தேறாமல் போன அந்த நாட்கள்தான் என்னை அங்கே நிற்கவைத்தன.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்கிற நானும் ஒருமுறை அவசரப்பட்டேன். அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

"ஃப்ரிட்ஜ்ல அஞ்சு நிமிஷம் வைங்க பாஸ், பொம்ம மாதிரி உக்காரும்." இப்படி ஒரு யோசனை மேக்ரோ எடுப்பவர்களிடையே சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. ஜன்னலில் இருந்த ஒரு தாவும் சிலந்தியை மாத்திரை டப்பாவில் பிடித்து உள்ளே வைத்தேன். நடுவில் ஒரு ஃபோன் வந்தது. ஐந்து நிமிடம் இருபதானது. வெளியே எடுத்து ஒரு இலையின் மேல் வைத்தேன். அசையவே இல்லை. அவ்வளவு கூர்மையான படத்தை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. முகத்து மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக. 'வேட்டைக்காரன்' என்று பெயர் வைத்துப் போட்டேன். என் படங்களிலேயே அதிகம் பாராட்டப்பட்டது அதுதான்.

சில வாரம் கழித்துச் சுவரில் மாட்டலாம் என்று பெரிதாக்கியபோதுதான் கால்களைப் பார்த்தேன். உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. சிலந்தியின் முக்கியமான கால் மூட்டுகளில் மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடம்பின் திரவ அழுத்தத்தால்தான் அது காலை நீட்டுகிறது. அழுத்தம் போனால் கால்கள் சுருண்டுவிடும். மூலையில் செத்துக் கிடக்கும் சிலந்தி அப்படி இருப்பது அதனால்தான். வேட்டைக்காரன் என்று நான் ஊருக்குக் காட்டியது செத்துக்கொண்டிருந்த ஒன்றை. நான் தேடிய கூர்மையே என்னைக் காட்டிக்கொடுத்தது.

இந்தத் தந்திரம் புதிதும் அல்ல. 1665-இல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா'வுக்காக எறும்பை வரைய முயன்ற ராபர்ட் ஹூக், அது நிற்காமல் ஓடியதால் பிராந்தியில் முக்கினார். ஒரு மணி நேரம்போலக் கிடந்துவிட்டு, போதை தெளிந்தது மாதிரி எழுந்து ஓடிவிட்டதாம். அவர் அதை ஒளிக்கவில்லை, புத்தகத்திலேயே எழுதிவைத்தார். நான் எழுதவில்லை. என் சிலந்தி எழுந்து ஓடவும் இல்லை. படத்தை எடுத்துவிட்டேன். எடுத்ததற்கான காரணத்தை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

"லென்ஸ் வாங்கு" என்ற பதிலும் "ஃப்ரிட்ஜில் வை" என்ற யோசனையும் எனக்கு இப்போது ஒரே குரலில் கேட்கின்றன. இரண்டும் காத்திருக்காதே என்கின்றன. ஒன்று நேரத்துக்குப் பதிலாகப் பணத்தைக் கேட்கிறது, மற்றது ஒரு உயிரைக் கேட்கிறது. ஃப்ரிட்ஜ் செய்யும் வேலையை மார்கழி விடியல் இலவசமாகச் செய்கிறது. வெயில் ஏறும்வரை பூச்சிக்கு உடம்பு சூடாகாது. பனித்துளி சுமந்து புல் நுனியில் அப்படியே உட்கார்ந்திருக்கும், கிட்டப் போனாலும் பறக்காது. எழுந்து போக வேண்டும், அது ஒன்றுதான் செலவு.

"எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் தட்டான் ராத்திரி எங்கே தங்குகிறது? பாதிப் பேர் அதற்குப் பிறகு பேசுவதில்லை. போன மாதம் ஒரு பையன் பதில் போட்டிருந்தான். "மோட்டார் ரூமுக்குப் பின்னால காஞ்ச குச்சில அண்ணா. ஆறரை வரைக்கும் அசையாம இருக்கு. நாலு நாளாப் பாக்கேன், அதே குச்சிதான்."

படம் இன்னும் மங்கல்தான். லென்ஸைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.