தோத்தது யாரு? அஞ்சாம் நம்பர்!

சமயபுரம் பக்கம் ஒரு கல்லூரி லேப். ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணும் பைத்தான் ப்ரோக்ராம் எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ப்பூ, எல்கேஜி கணக்கு என்று தோன்றும். ஆனால் பைத்தானின் 'லென்' சமயபுரத்துக்கு 8 என்று சொல்லும். விரல் விட்டு எண்ணுங்கள், 6 தான். (உகரக் குறிக்கும் புள்ளிக்கும் யூனிகோடில் தனித்தனி இடம். மண்ணச்சநல்லூர் 9 எழுத்து, லென் சொல்வது 14!) ஆக, டெஸ்ட் எழுதாமல் தப்பிக்க முடியாது. ஒரே டெஸ்டை எழுதி, பத்து ஊரை வரிசையாக உள்ளே தள்ளும் பாராமீட்டரைஸ்டு டெஸ்ட் இதற்காகவே இருக்கிறது.

ஓட்டியாச்சு. ஒன்று ஊத்திக்கொண்டது. எது?

இங்கேதான் கூத்து. ஜாவாக்காரர்களின் ஜேயூனிட் 4 இந்த வசதியோடு 2006-இல் வந்தபோது, அடைப்புக்குறிக்குள் 0, 1, 2 என்று நம்பர் மட்டும்தான் காட்டியது. 5 தோற்றது என்றால் அது ஆறாவது ஊர். யாராவது நடுவில் லால்குடியைச் சேர்த்தால் நேற்றைய 5 இன்றைக்கு 6. பெயர் வைக்கும் வசதி 4.11-இல், 2012-இல்தான் வந்தது. ஆறு வருஷம்! அதைவிடக் கொடுமை, வசதி வந்த பிறகும் அதைத் தொடாமல் நம்பரோடே குடும்பம் நடத்துகிறவர்கள். சமயபுரத்தில் அர்ச்சனைச் சீட்டில் நம்பர் இருந்தாலும், குருக்கள் கேட்பது பேரும் நட்சத்திரமும்தானே?

பைத்தான் பக்கம் பைடெஸ்ட் நல்ல பிள்ளை, உள்ளே போன மதிப்பையே பெயராகக் காட்டும். ஆங்கிலமாக இருக்கும் வரை. 'சமயபுரம்' என்று கொடுத்தால் எழுத்து ஒவ்வொன்றையும் சாய்கோடு, யு, நாலு குறியீடு என்று உடைத்து, மொத்தம் 48 கிறுக்கலாகத் துப்பும். சரி, நாமே விளக்கம் எழுதுவோம் என்று தமிழில் ஐடி கொடுத்தால் அதற்கும் இதே கதிதான். சில இயங்குதளங்களிலும் ப்ளகின்களிலும் சிக்கல் வரும் என்பது காரணம். நியாயமான பயம்தான். ஆனால் 2019-இல் இதை நிறுத்த ஒரு செட்டிங் கொடுத்தார்களே, அதன் பெயரைத் தமிழாக்கினால்: 'டெஸ்ட் ஐடி எஸ்கேப்பிங்கை நிறுத்து, சமூக உதவிக்கான சகல உரிமையையும் துறந்துவிடு'. சத்தியமாக ஜோக் இல்லை! தாய்மொழியில் ஊர்ப்பெயரைப் படிக்க ஆசைப்பட்டவன் முதலில் சாசனம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பக்கம் ஜேயூனிட் 5, 2017-லேயே டெஸ்ட் பெயரில் எமோஜி கூட வைத்துக்கொள் என்று கையேட்டிலேயே சொல்லிவிட்டது.

கிறுக்கலுக்கு ஆதரவாக ஒரே ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 'ஸ்ரீ'யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் வேறு வேறு. ஒரு ஸ்ரீரங்கம் பாஸ், இன்னொரு ஸ்ரீரங்கம் ஃபெயில் என்று திரையில் வந்தால் மண்டை காயும். கிறுக்கலில் வித்தியாசம் தெரியும்.

தெரியும், சரி. யாருக்கு? யூனிகோடு அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்கு. மதிப்பை அப்படியே காட்டினாலும் போதாது, உடைத்துக் காட்டினாலும் போதாது என்பதற்கு இந்த ஸ்ரீரங்கமே சாட்சி. அந்த ஊரை எதற்காகப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதல்லவா பெயராக வர வேண்டும்? 'ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீ' என்று மூன்று வார்த்தை. சமயபுரத்துக்கு 'உகரமும் புள்ளியும் உள்ள பெயர்'. தட்ட அரை நிமிஷம் ஆகுமா? ரெக்கார்டு நோட்டில் 'நோக்கம்' என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கம் எழுதுகிற அதே மக்கள்தான், இங்கே வெறும் 5 போதும் என்கிறார்கள்.

பைடெஸ்ட்டின் அந்த நீள செட்டிங்கை ப்ராஜெக்டில் ஒரு தடவை எழுதினால் போதும். சமூக உதவியை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் :-)