ஊர்ப் பாடசாலையும் நகராக்கமும்: உரும்பிராயை முன்னிறுத்திச் சில கண்டனங்கள்

யாழ்ப்பாண நகரம் வடக்கு நோக்கி வளர்ந்துகொண்டிருக்கின்றது என்பதை இன்று மறுப்பாரிலர். பலாலி வீதி வழியே திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் கடந்து உரும்பிராய்ச் சந்தியை அடையும் ஒருவர், நகர் எவ்விடத்தில் முடிந்தது, கிராமம் எவ்விடத்தில் தொடங்கியது எனச் சுட்டிக்காட்ட இயலாது இடர்ப்படுவார். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே கடைத்தொகுதிகளும் மாடி வீடுகளும் தனியார் கல்வி நிலையங்களும் எழுந்துள்ளன. இவ்வளர்ச்சியை வரவேற்போர் உளர். வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த மண் சீமெந்தின்கீழ் மறைவதை எண்ணி வருந்துவோரும் உளர். இவ்விரு சாராரும் கேளாத வினா ஒன்றுண்டு. இங்கு வந்து குடியேறுவோரின் பிள்ளைகள் எப்பாடசாலைக்குச் செல்வர்? அங்கு அவர்களுக்கு இடமுண்டா? இடமுண்டெனின், அதனை விடுத்து அவர்கள் பஸ்ஸிலும் வானிலும் ஏறி நகருக்குச் செல்வது எதனால்? இவ்வினாக்களைக் கேட்கவேண்டிய கடமையுடையோர் எவரும் அவற்றைக் கேட்பதில்லை என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

கடமையுடையோர் யாவர்? உரும்பிராய் மாநகர எல்லைக்குள் அடங்கிய ஊரன்று. அது வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் ஆட்சிக்குட்பட்டது. வீடு கட்டுவதற்கும் காணி பிரிப்பதற்கும் அனுமதி பெறவேண்டியது அச்சபையிடம். பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கு நிலப்பயன்பாட்டுத் திட்டம் வகுப்பது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த நகர அபிவிருத்தி அதிகார சபை. பாடசாலைகளோ 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் பயனாக மாகாணத்தின் பொறுப்பாயின. தேசிய பாடசாலைகள் மாத்திரம் மத்திய அமைச்சின் கையில் எஞ்சின. இவ்வூர்ப் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் கோப்பாய்க் கோட்டம் யாழ்ப்பாணக் கல்வி வலயத்தைச் சார்ந்தது. பிரதேச சபை உறுப்பினர் ஒருவரிடம் பாடசாலையைப் பற்றி வினவினால், அது தமது அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பார். அவர் கூற்று சட்டப்படி சரியே. கல்வி அதிகாரியிடம் புதிய குடியிருப்புகளைப் பற்றி வினவினால், அவரும் அவ்விடையையே தருவார். அதுவும் சட்டப்படி சரியே. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்துவிட்டமையால், பாடசாலை பற்றி மக்கள் தம் வாக்கைக் காட்டிக் கேட்கக்கூடிய உள்ளூர்ப் பிரதிநிதியும் இல்லாதொழிந்தார்.

முன்னைய காலம் பொற்காலமாயிருந்தது எனக் கூறுதல் நம் நோக்கமன்று. குடாநாட்டிற் பாடசாலைகள் திட்டமிட்டு அமைந்தவையல்ல, போட்டியால் அமைந்தவை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலும் 1824இல் உடுவிலிலும் கல்விக்கூடம் நிறுவினர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இருக்கின்ற பாடசாலைக்குக் கால் மைலுக்குள் எழும் புதிய பாடசாலைக்கு உதவிப்பணம் மறுக்கும் விதியொன்றைக் குடியேற்ற அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொணர்ந்தது. முந்திக்கொண்டவருக்கே நிலைபேறு என்பது அதன் பொருள், முந்திக்கொண்டவர் மிஷனரிமார். தூரம் என்பது அரசியற் கருவியாகலாம் என்பதை நம் முன்னோர் அன்றே கண்டனர். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், சு. இராசரத்தினம் அவர்களின் அயரா உழைப்பினால் நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை ஊர்தோறும் நடத்தியது. ஒருபுறம் இவ்வாறிருக்க, அருகருகே இரு பாடசாலைகள் நின்றமைக்குச் சாதியும் காரணமாயிருந்தது என்ற கசப்பான உண்மையை மறைத்தல் தகாது. வகுப்பறையிற் சம ஆசனம் வேண்டி 1920களின் இறுதியில் நடந்த போராட்டங்களை அறிந்தோர், சிறிய பாடசாலைகள் சிலவற்றின் பிறப்பு எத்தகையது என்பதையும் அறிவர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு உதவி நன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, இத்தாறுமாறான படத்தை அப்படியே சுவீகரித்தது. கட்டடம் அரசுடையதாயிற்று; இடவமைவு பற்றிய சிந்தனை மாத்திரம் எவருடையதுமாகவில்லை.

இனி, காணி பிரிக்கும் விதியை நோக்குவோம். நோயின் வேர் இங்கேதான் உளது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிப்படி, பிரிக்கப்படும் காணி ஒரு ஹெக்டேயருக்கு மேற்படின், வீதிகள் நீங்கலாக அதன் பரப்பில் நூற்றுக்குப் பத்து வீதத்தைப் பொதுத்தேவைக்கும் பொழுதுபோக்குக்குமென ஒதுக்கவேண்டும். கொழும்பின் புறத்தே இறப்பர்த் தோட்டத்தையோ தென்னந்தோப்பையோ கூறிட்டு விற்கும் கம்பனிக்கு இவ்விதி பொருந்தும். யாழ்ப்பாணத்துக்கு இது பொருந்துமா? இங்கு காணி அளக்கப்படுவது பரப்புக் கணக்கில். 16 பரப்பு ஓர் ஏக்கர்; ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 40 பரப்பு. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்துச் சட்டமாக்கிய தேசவழமையின்கீழ் முதுசமாயும் சீதனமாயும் தலைமுறைதோறும் துண்டாடப்பட்டு வந்த செம்மண் தோட்டங்களில், 40 பரப்பு ஒரே உறுதியில் ஒருவர் பெயரில் இருப்பது அரிதிலும் அரிது. நாலு பரப்பு, எட்டுப் பரப்பு என்பனவே வழக்கம்.

உதாரணமாக, அயலயலே எட்டுப் பரப்பு வீதம் பத்துப் பேருக்குக் காணியுண்டு எனக் கொள்வோம். மூத்தவர் வெளிநாட்டிலுள்ள மகனுக்காகப் பிரிக்கின்றார். அடுத்தவர் மகளின் சீதனத்துக்காகப் பிரிக்கின்றார். இன்னொருவர் கடனுக்காக விற்கின்றார். பத்தாண்டுக்குள் எண்பது பரப்பு, அதாவது ஐந்து ஏக்கர், குடியிருப்பாகிவிடும். முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் அங்கு எழும். ஒருவர் கையில் இக்காணி முழுவதும் இருந்திருப்பின், பொதுத்தேவைக்கு ஏறத்தாழ எட்டுப் பரப்பு கிடைத்திருக்கும். ஆரம்பப் பாடசாலை ஒன்றின் விளையாட்டிடத்தை விரிவாக்க அது போதும். பத்துப் பேர் கையில் இருந்தமையால் ஒரு முழமும் கிடைக்காது. எவரும் சட்டத்தை மீறவில்லை. நில அளவையாளர் தம் பணியைச் செவ்வனே செய்தார், நொத்தாரிசும் அவ்வாறே. ஒழுங்கை ஒன்று மாத்திரம், லொறி திரும்ப இடமின்றி, நடுவே எஞ்சி நிற்கும். எங்கள் நிலவுடைமையின் இயல்பை அறியாத ஒருவர் எங்கோ இருந்து எழுதிய விதி இது. அதனை இவ்வூருக்கேற்பத் திருத்துமாறு கேட்ட உள்ளூர்க் குரலும் வலுவாக எழவில்லை.

அரசுக்குத் தூரத்தை அளக்கத் தெரியாதென்று எவரும் எண்ணவேண்டாம். தரம் 1 அனுமதிச் சுற்றுநிருபத்தைப் படித்துப் பாருங்கள். இடங்களில் அரைவாசி பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு உரியது. வசிப்பை நிறுவ உறுதி வேண்டும்; வாக்காளர் இடாப்பு வேண்டும்; மின்சாரச் சிட்டையும் வேண்டும். விண்ணப்பித்த பாடசாலையினும் அண்மையில் வேறு பாடசாலை இருப்பின் புள்ளி குறைக்கப்படும். வீட்டு வாயிலிலிருந்து பாடசாலை வரை நேர்கோடு கீறி அளக்கும் இத்துணை நுட்பம், ஒரு குழந்தைக்கு இடம் மறுக்கும் வேளையில் மாத்திரம் வெளிப்படுகின்றது. அதே வீட்டுக்குக் கட்டட அனுமதி வழங்கிய நாளில், அந்தக் கோட்டை எவரும் கீறிப் பார்த்ததில்லை. இதனையே நாம் கண்டிக்கின்றோம்.

2016 அளவில் ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்னும் வேலைத்திட்டம் நாடெங்கும் முழங்கியது. பெயர் நல்ல பெயர். கட்டடங்கள் பல எழுந்தன என்பதையும் ஒப்புகின்றோம். ஆயின் எவ்விடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் எனத் தீர்மானிக்கும் முறை மாறவில்லை. பெற்றோர் நகரத்துப் பெயர்பெற்ற கல்லூரிகளை நாடுவது வீண் பெருமையால் மாத்திரமன்று. ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் எத்தனை நாள் நிலைப்பார் என்பது அவருக்குத் தெரியாது. நகரக் கல்லூரியிற் பழைய மாணவர் சங்கம் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் என்பது தெரியும். வசதியுள்ளோர் செல்ல, செல்ல இயலாதோர் எஞ்சுகின்றனர். எஞ்சியோர் தொகை குறைந்ததும், ‘பிள்ளைகள் போதாது’ என்ற முத்திரை விழுகின்றது. இந்நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ 3,000இல் நூற்றுக்குக் குறைந்த பிள்ளைகளே பயில்கின்றனர். இவற்றை மூடவேண்டும், இணைக்கவேண்டும் என்ற குரல் ஆண்டுதோறும் எழுகின்றது. மூடப்பட்டால் நடந்துசெல்லும் வசதியை இழப்போர் யாவர்? வானுக்குப் பணம் செலுத்தவியலாத கூலித் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகளே. முன்பு சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இன்று ‘வினைத்திறன்’ என்ற பெயரால் ஒதுக்கப்படும் ஆபத்து இங்கு உளது.

‘சனத்தொகையே குறைந்துவிட்டது, புதிய இடமெதற்கு?’ என வினவுவர். கிளிநொச்சி நீங்கலான யாழ் மாவட்டத்தில் 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். மாநகர எல்லைக்குள் இத்தொகை 1 இலட்சத்து 18 ஆயிரத்திலிருந்து 88 ஆயிரமாகியது. போரும் புலப்பெயர்வும் செய்த வேலை இது. ஆயின் மாவட்டத் தொகை குறைந்தமை, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் ஒழுங்கையிலும் அது குறைந்தது என்பதற்குச் சான்றாகாது. ஒரு நாளைய தலைக்கணக்கை நம்பிப் பாடசாலையின் விதியைத் தீர்மானித்தல் இம்மண்ணிற் பேதைமை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் துரத்தப்பட்டபோது வசாவிளான் மத்திய கல்லூரியின் வளவிற் படித்த பிள்ளைகளின் தொகை பூச்சியம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே வெறிச்சோடியபோது உரும்பிராயின் தொகையும் அதுவே. அக்கணக்கைக் கொண்டு பாடசாலைகளை இடாப்பிலிருந்து நீக்கியிருப்பின், திரும்பி வந்த மக்கள் எங்கே தம் பிள்ளைகளைச் சேர்த்திருப்பர்? வளவும் பெயரும் எஞ்சியமையாலன்றோ வசாவிளான் மத்திய கல்லூரி போருக்குப் பின் சொந்த மண்ணுக்கு மீண்டது.

பாடசாலையை நடுவிற் கொண்டு குடியிருப்பை வகுத்தல் புதுமையான கருத்தன்று. அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி 1929இலேயே அயற்குடியிருப்பு அலகு என்ற கொள்கையை வெளியிட்டார். ஓர் ஆரம்பப் பாடசாலையைத் தாங்கக்கூடிய ஐயாயிரம், ஆறாயிரம் மக்கள். அவர்தம் பிள்ளைகள் பெருவீதியைக் கடவாது நடந்துசெல்லக்கூடிய தூரம். இந்தியாவிற் சண்டிகார் நகரின் வட்டாரங்களும் இத்தகைய எண்ணத்துடனேயே வகுக்கப்பட்டன. பெரியின் அளவுகோலை உரும்பிராய்ச் சந்தியிற் பிடித்துப் பார்ப்போம். பலாலி வீதியும் மானிப்பாய்–கைதடி வீதியும் ஊரை ஊடறுக்கின்றன. 2019 ஒக்டோபரிற் பலாலியிற் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்குச் செல்லும் வழி இவ்வூர் நடுவாலேதான். இவ்வீதியை ஏழு வயதுப் பிள்ளை கடப்பது எங்ஙனம் என்பது வீதித் திணைக்களத்தின் பிரச்சினையா, கல்வித் திணைக்களத்தின் பிரச்சினையா என்பதையும் எவரும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தவராகிய நாம் இதிற் கைகழுவிக்கொள்ளல் இயலாது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியிற் குடிபுகுந்தது சேர் பொன்னம்பலம் இராமநாதன் எழுப்பிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலேதான். ஒரு பாடசாலையின் வளவிலே நின்றுகொண்டு நாம் பட்டம் பெறுகின்றோம். பலாலி வீதியோரத்து வாடகை அறைகளும் உணவுக் கடைகளும் பெருகியமைக்கு நாமும் காரணர். நம்மிடம் புவியியற்றுறை உண்டு. சமூகவியல், கல்வியியல் பயில்வோரும் உண்டு. மாணவர் இருபதின்மர் ஒரு விடுமுறைக் காலத்தைச் செலவிடின், உரும்பிராயின் ஒவ்வோர் ஒழுங்கையையும், புதிதாகப் பிரிந்த ஒவ்வொரு காணியையும், ஒவ்வொரு பாடசாலையின் வெற்றிடங்களையும் ஒரே படத்திற் குறித்துவிடலாம்.

அப்படம் கையிலிருப்பின், கேட்கவேண்டியவற்றைத் துணிந்து கேட்கலாம். ஒரு ஹெக்டேயர் என்னும் எல்லையைக் குடாநாட்டுக்கு நீக்கி, எட்டுப் பரப்பைப் பிரிப்பவரும் சிறு தொகையைப் பொதுக் காணி நிதிக்குச் செலுத்த விதி செய்யவேண்டும். அந்நிதியாற் பாடசாலைக்கு அடுத்துள்ள காணியை, விலை ஏறுமுன், வாங்கவேண்டும். எந்தப் பாடசாலையையும் மூடுமுன், அதைச் சூழ ஐந்தாண்டில் வழங்கப்பட்ட கட்டட அனுமதிகளின் தொகையைப் பிரதேச சபை எழுத்திற் கொடுக்கவேண்டும். அனுமதிப் படிவத்தில் மேலும் ஒரு வரி சேர்க்கப்படவேண்டும்: அண்மையிலுள்ள ஆரம்பப் பாடசாலை யாது, தூரம் எத்தனை மீற்றர், வெற்றிடம் எத்தனை. அவ்வரியின்கீழ்க் கோட்டக் கல்வி அதிகாரியின் கையொப்பம் இல்லாத விண்ணப்பத்தைச் சபை ஏற்றல் ஆகாது.