பாட்டரியின் மேல் பழி

பழைய அம்பாஸடர் வைத்திருப்பவர்களை ஒன்று கேட்கிறேன். விளக்கு ஒரு சமயம் பளிச்சென்று எரிகிறது, ஒரு சமயம் மங்குகிறது. "பாட்டரியை மாற்றுங்கள்" என்கிறார் மெக்கானிக். நீங்களும் மாற்றிவிடுகிறீர்களே, ஏன்? செத்த பாட்டரி தானாகப் பிழைத்து எழாது. வந்து வந்து போகிற நோய் பெரும்பாலும் இணைப்பில்தான் என்பது என் கட்சி.

2014-இல் உற்பத்தி நின்ற வண்டி அது. கடைக்குட்டிக்கே வயது பத்தைத் தாண்டிவிட்டது. மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. எர்த் கம்பி அந்த உடம்பைத் தொடுமிடத்தில் துரு ஏறினால், குலுங்கும்போது தொடும், விடும். விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே வோல்ட்மீட்டரைப் பிடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அகப்பட்டான். தேய்க்க உப்புத்தாள் போதும்.

தேடச் சோம்பல் மெக்கானிக்குடையது. பாட்டரி விலை மட்டும் நம்முடையதா?