கணக்கில் வராத கால்கள்

விபத்து என்று எழுதாதீர்கள் தோழர்களே. அந்தச் சொல்லை ரயில்வே எழுதிக்கொள்ளட்டும்.

2025 ஜூலை 8. கடலூர் மாவட்டம் செம்மங்குப்பம். காலையில் பள்ளிக்கூடம் போன வேன்மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று பிள்ளைகள் செத்தார்கள். உடனே ஆள் கிடைத்துவிட்டான். கேட் கீப்பர். சனங்கள் அடித்தார்கள், போலீஸ் பிடித்தது, ரயில்வே சஸ்பெண்ட் செய்தது. 'தூங்கிட்டான்', 'இந்திக்காரன்' என்று டீக்கடையில் நாமும் தீர்ப்புச் சொன்னோம். கேட்டை மூடாதது தப்புதான், அவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு கேள்விதான். கேட் திறந்து கிடக்கும்போது ரயில் எப்படி வந்தது?

வரும். அந்தக் கேட்டுக்கும் சிக்னலுக்கும் அப்போது இணைப்பே கிடையாது. 'இன்டர்லாக்கிங்' இருந்தால் கேட்டைப் பூட்டாமல் சிக்னல் விழாது. இல்லாத இடத்தில் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். மூடியாச்சு என்று கேட் கீப்பர் ஒரு எண்ணைச் சொல்வார். ஒரு மனுசனின் வாய்வார்த்தை, அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்த மனுசனின் வேலையை 'விட்டுவிட்டு நடக்கும் வேலை' என்று வகைபிரித்து, வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வாங்கிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. சுரங்கப்பாதைக்கு ஒரு வருசமாகக் கலெக்டர் அனுமதி தரவில்லை என்றது ரயில்வே. மேலே இருக்கிற யாருக்கு விலங்கு மாட்டினார்கள்?

நான் பாங்கில் குமாஸ்தா. பேரேட்டில் ஏறாத காசு எங்களுக்குக் காசே இல்லை. ரயில்வேக்கும் ஒரு பேரேடு உண்டு, டி.வி.யு. என்று பெயர். ஒரு நாளில் ஓடும் ரயில்களைக் கடக்கும் வண்டிகளால் பெருக்குவார்கள். லாரி ஒன்று. மாட்டுவண்டி ஒன்று. ஆட்டோ அரை. தொகை 1 லட்சத்தைத் தொட்டால் மேம்பாலத்துக்கு ரயில்வே பங்கு போடும். சரி, தலையில் புல்லுக்கட்டோடு நடந்து போகிற எங்கள் அத்தை எத்தனை? மாட்டுவண்டி ஏறிய பேரேட்டில் அவள் ஏறவில்லை.

2019 ஜனவரியோடு அகலப்பாதையில் ஆளில்லாத கேட் ஒழிந்தது என்றார்கள். சாவு குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் ஒழித்த விதம் பள்ளம் தோண்டியது. மழை பெய்தால் குளம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் காரோடு சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். கார் வைத்திருந்தவருக்கே இந்தக் கதி. எங்கள் ஊரில் சேரி இந்தப்பக்கம், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் அந்தப்பக்கம். கேட்டை எடுத்துவிட்டுப் பள்ளம் தோண்டினார்கள். ஐப்பசியில் இடுப்பளவு தண்ணி. பிள்ளைங்க தண்டவாளத்து மேல ஏறித்தான் போகுது.

அங்கே அடிபட்டுச் செத்தால் அது லெவல் கிராசிங் சாவு ஆகாது. கேட்தான் இல்லையே! 'அத்துமீறி நுழைந்தவர்' என்று எழுதுவார்கள். இந்தச் சொல் நமக்குப் புதுசா? தெருவில் நடந்தபோதும் குளத்தில் இறங்கியபோதும் நம்மேல் எறிந்த அதே சொல். இப்படி ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் சாவதாக 2012-ல் அனில் ககோட்கர் குழு சொன்னது. அரசு போட்ட குழுவே அதைப் படுகொலை என்றது. எல்லா லெவல் கிராசிங்கையும் ஐந்து வருசத்தில் ஒழிக்கச் சொல்லி, அதற்குச் சுமார் 50,000 கோடி ரூபாய் ஆகும் என்றும் கணக்குக் கொடுத்தது. ஐந்து வருசம் முடிந்து இன்னொரு எட்டு வருசமும் போன பிறகுதான் செம்மங்குப்பம்.

நிவாரணம் கேட்டுப் போஸ்டர் ஒட்டுவதோடு நாமும் நிறுத்திக்கொள்கிறோம். செத்த பிறகுதான் நம் ஆளுக்கு விலை வைக்க வேண்டுமா?

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்க் கேட்டடியில், தண்ணி நிற்கிற சுரங்கப்பாதை வாசலில் ஒரு நாள் நோட்டோடு உட்காருங்கள். நடந்து போகிறவர்களை எண்ணுங்கள். அத்தையை ஒன்று என்று எழுதுங்கள், அரை வேண்டாம். அந்த நோட்டைக் கலெக்டர் மேசையில் கொண்டுபோய்ப் போடுவோம். எங்கள் கால்களைப் பேரேட்டில் ஏற்று என்று கேட்போம். ஏற்றுகிறவரை அந்த மேசையை விட்டு நகர வேண்டாம்.