எழுதாத பலகை

சென்ற கோடை விடுமுறையில் ஆலத்தூர் நாட்டில் உள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். துவரம் பருப்பு வாங்க அப்பா என்னையும் ரேஷன் கடைக்கு அழைத்துச் சென்றார். "இன்னும் வரவில்லை" என்றார்கள். அப்பாவுக்கு அது மூன்றாவது நடை. கடை வாசலில் இருப்பு விவரம் எழுதும் பலகை தொங்கியது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. "எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எழுதினால் என்ன?" என்றேன். "சும்மா வாம்மா. கேட்டால் அடுத்த மாதம் அரிசிக்கும் அலைய வேண்டும்" என்றார் அப்பா மெதுவாக.

அந்த வெறும் பலகை எனக்கு வரலாற்று வகுப்பில் கேட்ட ஒன்றை நினைவூட்டியது. 1975 ஜூன் 25 இரவு நம் நாட்டில் நெருக்கடி நிலை பிறந்தது. மறுநாளே பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அதிகாரிகள் அனுமதித்ததே அச்சேறும். ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டது. சென்னையில் 'துக்ளக்' கறுப்பு அட்டையுடன் வந்தது. எழுத முடியாததை அந்த வெண்மையும் கருமையும் சொல்லிவிட்டன. வானொலியோ முழுவதும் அரசின் கையில் இருந்தது.

நாட்டைக் காக்கவே தணிக்கை என்பர் சிலர். போர்க்காலத்தில் நம் படை எங்கே நிற்கிறது என்பதை மறைக்கத்தான் வேண்டும். பேச்சுரிமை தரும் நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவும் நாட்டின் பாதுகாப்புக்காக நியாயமான கட்டுப்பாடுகளை ஏற்கிறது. ஆனால் அன்று மறைக்கப்பட்டவை படை இரகசியங்கள் மட்டுமா? விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்களின் துயரமும், 1976இல் டில்லி துருக்மான் வாயிலில் ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டதும் அல்லவா மறைக்கப்பட்டன?

பத்திரிகைகளும் பொய் எழுதுவதுண்டே என்று கேட்கலாம். உண்மைதான். பொய்க்கு மருந்து மறுப்பும் நீதிமன்றமும், வாய்ப்பூட்டு அன்று. செய்தி வர வழியில்லாத இடத்தில்தான் வதந்தி வளர்கிறது. ஆள்வோருக்கும் இதனால் நன்மையில்லை. 1977 மார்ச்சில் மத்திய ஆட்சி தேர்தலில் தோற்றது. மக்கள் மனத்தைச் சொல்லும் ஏடுகளை அடைத்துவிட்டு, மக்கள் மனத்தை எப்படி அறிவது?

அறியும் உரிமை பத்திரிகைக்காரருக்கு மட்டும் உரியதன்று. இராஜஸ்தானத்தில் 1990களில் கூலித் தொழிலாளர்கள், தங்கள் பெயரில் எழுதப்பட்ட கூலிக் கணக்கை ஊரறியப் படிக்கும்படி கேட்டார்கள். வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது வெளிப்பட்டது. அவர்களைப் போன்றோரின் போராட்டத்தால் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. நம் தமிழகம் 1997லேயே தனியாக ஒரு சட்டம் இயற்றியிருந்தது. இன்று 10 ரூபாய் கட்டணத்துடன் எந்தக் குடிமகனும் கேட்கலாம். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஆனால் சட்டத்திற்கு வாய் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும். அன்று பேனாவைப் பிடித்து நிறுத்தியவர் தணிக்கை அதிகாரி. எங்கள் கடை வாசலில் அப்பாவின் நாவைப் பிடித்து நிறுத்தியது அச்சம். இதுவும் ஒரு தணிக்கையே.

விடுமுறை முடியுமுன், மூன்று மாத இருப்புக் கணக்கைக் கேட்டு ஒரு மனு எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் இன்னும் கையெழுத்திடவில்லை, கிழிக்கவும் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

தோழியரே, உங்கள் ஊரிலும் ஒரு பலகை இருக்கும். அடுத்த முறை அதைக் கடந்து போகையில் சற்று நின்று பாருங்கள். எழுதியிருந்தால் படியுங்கள். எழுதியிராவிட்டால், ஏன் என்று கேளுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, ஆலத்தூர் நாடு, கொல்லிமலை