தோள் ஆபரேஷனுக்கு முன்னால்...

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. தங்குகடல் படகில் வேலை. சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. இரண்டு வருடங்களில் வலிப்பு வந்தபோது நான்கு முறை வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகுமா? திரும்பக் கடலுக்குப் போகலாமா?
- ஒரு வாசகி, தருவைகுளம்.

பதில்: சரியாக வாய்ப்பு உண்டு சகோதரி. ஆனால், முதலில் வலிப்பு கட்டுக்குள் வர வேண்டும்.

தோள்மூட்டு, ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பந்து மாதிரி. வலிப்பின்போது தசைகள் ஒரே நேரத்தில் முறுக்கி இழுக்க, பந்து கிண்ணத்தின் விளிம்பில் மோதி வெளியே வருகிறது. ஒவ்வொரு முறையும் பந்தில் பள்ளம் விழும். விளிம்பு எலும்பும் தேயும். மற்றவர்களுக்குக் கிழிந்த சவ்வைத் தைத்தாலே பெரும்பாலும் போதும். வலிப்பு உள்ளவர்களுக்கு அந்தத் தையல் அடுத்த வலிப்பில் பிய்ந்துவிடலாம்.

அதனால், தோள் முன்பக்கமாக இறங்கி எலும்பும் தேய்ந்திருந்தால், ‘லடார்ஜெட்’ ஆபரேஷனைப் பரிந்துரைப்பார்கள். 1954-ல் பிரான்ஸ் மருத்துவர் லடார்ஜெட் சொன்ன முறை இது. தோளின் முன்னால் கொக்கிபோல் நீட்டியிருக்கும் எலும்புத் துண்டை, அதன் தசையோடு எடுத்து, கிண்ண விளிம்பில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவார்கள். வலிப்பில் தோள் பின்பக்கமும் இறங்கலாம். நேராக எடுத்த ஒரே எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. சி.டி. ஸ்கேன் எடுத்தால், எந்தப் பக்கம், எவ்வளவு தேய்மானம் என்று தெளிவாகும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும், பெரிய வலிப்பு ஒன்று வந்தால் பொருத்திய எலும்பு உடையலாம், ஸ்க்ரூ வளையலாம். எனவே நரம்பியல் மருத்துவர், எலும்பு மருத்துவர் இருவரும் பேசி நாள் குறிக்கட்டும். ஆபரேஷன் அன்று காலையிலும் வலிப்பு மாத்திரை எப்படிப் போடுவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலைப் பொறுத்தவரை, வலிப்பு நிற்காதவரை வேண்டாம். படகிலிருந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ராத்தூக்கம் கெடுவதும் மதுவும் மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டும். ஆபரேஷனுக்குப் பின் வலை இழுக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கரையில் வலை பின்னுவது, கணக்குப் பார்ப்பது போன்ற வேலை கிடைக்குமா என்று, கைக்கு ஓய்வு முடிந்ததும் படகு உரிமையாளரிடம் கேளுங்கள்.

வீட்டில் வலிப்பு வந்தால்: சாவிக்கொத்து வேண்டாம். கைகளை அழுத்திப் பிடிக்காதீர்கள். அதுவே தோளை இறக்கிவிடலாம். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். தோள் இறங்கியிருந்தால் யாரும் இழுத்துவிட வேண்டாம். துணியால் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.